மாப்பிள்ளை வீட்டுப் பெயர் பாடர்

1

கலியாணக் கார்ட் வந்து இறங்கியது. அண்ணையின் கடை வான் வண்டியில் மூன்று பெட்டி. ஷிப்ட் முடிந்து வந்த நான் கோட்டைக் கழற்றாமலே ஒரு பெட்டியைப் பிரித்தேன்.

பிள்ளையார் படம் நன்றாக வந்திருந்தது. காலஞ்சென்ற என் கணவரின் பெயர் இருந்தது. என் பெயர் இருந்தது. அண்ணையின் பெயரும் அவர் பெண்சாதி, என் மச்சாளின் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. மகள் தர்சினியின் பெயர் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு வரி: 'ஜெர்மனியைச் சேர்ந்த திருநிறைச்செல்வன் மத்தியாஸ்.'

தகப்பன் பெயர் இல்லை. தாய் பெயர் இல்லை. குடும்பப் பெயர் இல்லை.

நான் எழுதிக் கொடுத்தது 'திரு. திருமதி கார்ல் பாடர் தம்பதிகளின் ஏக புத்திரன்' என்று. அச்சடித்தவன் மறந்துவிட்டான் என்று நினைக்க நான் குழந்தை இல்லை. ஒரு நாடு தனியாக இருந்து பிள்ளை பெற்ற மாதிரிப் போட்டிருந்தது.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். மச்சாள் எடுத்தார்.

"கார்ட் வடிவாய் வந்திருக்கு, என்ன?"

"மாப்பிள்ளையின்ர தாய் தகப்பன்ர பெயரைக் காணேல்லை, மச்சாள்."

"அதெல்லாம் நீர் அண்ணையோட கதையும். எனக்கென்ன தெரியும்? கலர் மட்டும்தான் நான் சொன்னது."

"அண்ணை எங்க?"

"கடையில. சனிக்கிழமையெல்லே."

போனை வைத்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் நடந்ததை ஊரில் வேறு ஆட்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

எண்பத்துநான்கில் நானும் என் கணவரும் ஜெர்மனிக்குப் போனோம். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கம். அகதிப் பதிவு செய்த அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று அவரைக் கேட்டான். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, தகப்பன் பெயரை முன்னுக்குப் போடுவோம் என்று மொழிபெயர்க்க வந்தவர் சொன்னார். குடும்பப் பெயர் இல்லாத மனிதன் இருக்க முடியாது என்றான் அதிகாரி. அவனே எழுதினான்: கந்தையா. அடுத்த தாளில் எனக்கும் கந்தையா. அடுத்த வருடம் பிறந்த மகளுக்கும் கந்தையா.

கந்தையா என் மாமனார். அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் மருமகள் சொல்வதில்லை. இருபத்தைந்து வருடமாக டாக்டரிடமும் பாங்கிலும் கவுன்சிலிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் எழும்பிப் போகிறேன். மிஸிஸ் கந்தையா என்றால் நியாயமாக அது என் மாமி. அவரை ஒருவரும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எங்கள் குடும்பப் பெயரின் சரித்திரம் இவ்வளவுதான். ஒரு மேசை, ஒரு அதிகாரி, ஒரு பேனை.

ஆனால் ஒன்று. கந்தையா என்ன ஆட்கள் என்று அந்த அதிகாரி கேட்கவில்லை. அவன்மீது எனக்கு எவ்வளவோ எரிச்சல் இருந்தது. இப்போது இல்லை.

அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும், பிள்ளை இங்கிலிஷில் படிக்கட்டும் என்று எல்லோரையும் போல லண்டனுக்கு வந்தோம். அவளுக்கு அப்போது பதினாறு. விருப்பமில்லாமல்தான் வந்தாள். கோலியர்ஸ் வுட்டில் வீடு. அண்ணை எங்களுக்கு முதலே ஜெர்மனியை விட்டு வந்து லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில் கடை போட்டிருந்தார். வந்து நாலாம் வருடம் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு இங்கேயும் அதே வேலைதான். ஜெர்மன் கிழவர்களைக் குளிப்பாட்டின கையிடம் இங்கிலிஷ் கிழவர்களைக் குளிப்பாட்டுவதற்குப் புதிதாக ஒரு சேர்ட்டிபிகேட் கேட்டார்கள். எடுத்தேன்.

பிள்ளை தமிழில் தொடங்கி இங்கிலிஷில் முடிப்பாள். கோபம் வந்தால் ஜெர்மன். அவளோடு சண்டை பிடிப்பதற்காகவே நான் என் ஜெர்மனை மறக்காமல் வைத்திருக்கிறேன்.

3

மத்தியாஸ் அவளோடு அங்கே பள்ளிக்கூடத்தில் படித்தவன். இங்கே வந்த பிறகும் அவர்கள் கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. போன வருடம் சொன்னாள். சில நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. பிறகு அவன் வந்தான். சோறு சாப்பிட்டான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவள் தகப்பன் போன பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. சரி என்றேன்.

இந்த ஆவணியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தகப்பன் கார்ல் பாடர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு என்னை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஊரின் பழைய மதிலுக்குக் கீழே ஒரு ஓடை. ஓடைக் கரையில் ஒரு கல்வீடு. இப்போது அதில் சைக்கிள் திருத்துகிறார்கள்.

"எங்கள் பெயர் இந்த வீட்டில் இருந்துதான் வந்தது" என்றார். ஜெர்மனில்தான் கதைத்தோம்.

அந்தக் காலத்தில் வீடுகளில் குளிக்க வசதி இல்லையாம். சனிக்கிழமை ஊரே இங்கே வருமாம். தண்ணீர் சுடவைத்து வார்க்கிறவனுக்குப் பெயர் பாடர். அவன் குளிக்க வார்ப்பான். முடி வெட்டுவான். சவரம் எடுப்பான். பல் பிடுங்குவான். கெட்ட இரத்தம் எடுப்பான். முறிந்த எலும்பைக் கட்டுவான். டாக்டரிடம் போக வசதி இல்லாதவர்களுக்கு அவன்தான் டாக்டர்.

"ஆனால் பாடர் வீட்டோடு ஒருவரும் சம்பந்தம் வைக்கமாட்டார்கள்" என்றார். "அவன் மகனைத் தச்சனும் சேர்க்கமாட்டான், கொல்லனும் சேர்க்கமாட்டான். அவன் மகளைக் கட்டினவனைத் தொழில்காரரின் சங்கத்தை விட்டுத் தள்ளிவிடுவார்கள். பாடர் உடம்பைத் தொடுகிறவன், அழுக்கைத் தொடுகிறவன்." பிறகு சிரித்தார். "ஊர் முழுவதும் எங்களுக்கு முன்னால் வந்து துணியைக் கழற்றும். கலியாணத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிடாது."

நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த கதையாக இருந்தது.

"எப்போது மாறியது?" என்று கேட்டேன்.

"பல நூறு வருடம். நோய் வந்தது, விறகு விலை ஏறியது, குளிப்பு வீடுகளை மூடினார்கள். அவர்களைத் தள்ளி வைக்கக் கூடாது என்று சட்டமும் வந்தது. என் தாத்தா ரயிலில் வேலை செய்தவர். அவருக்கே பாடர் வெறும் பெயர்தான். ஒவ்வொரு ஊர் டெலிபோன் புத்தகத்திலும் நாங்கள் இருக்கிறோம்."

சுவரைக் கையால் தட்டினார், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

"உங்கள் மகள் இந்தப் பெயரை எடுக்கப் போகிறாள். எங்கே இருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் கூட்டி வந்தேன்."

ஒளிக்காமல் சொன்ன அந்த மனிதனை எனக்குப் பிடித்துக்கொண்டது.

4

நான் ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை. ஒளிக்க நினைக்கவும் இல்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்தேன்.

அண்ணை கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் இருந்து இதற்காகவே வந்தார். தேத்தண்ணியைக் கையில் எடுக்கவில்லை.

"தங்கச்சி, உந்தப் பெடியன்ர ஆக்கள் என்ன ஆக்கள்?"

"ஜெர்மன் ஆக்கள், அண்ணை."

"அது எனக்கும் தெரியும். அதுக்குள்ள என்ன ஆக்கள்?"

"தகப்பன் பஸ் ஓடினவர்."

"இப்ப ஓடினதை ஆர் கேட்டது? நான் பழசைக் கேக்கிறன். கொம்பியூட்டரில போட்டுப் பார்த்தன். பாடர் எண்டால் சிரைக்கிற ஆக்கள்."

தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அண்ணைக்குச் சூடு ஏறியது.

"பதினைஞ்சு வருசம் அங்க இருந்தனான். உவங்கட பெயர் எனக்குத் தெரியாதே? சிமித் எண்டால் இரும்படிக்கிறவன். ஃபிஷர் எண்டால் மீன் பிடிக்கிறவன். வேபர் எண்டால் நெசவு. பௌவர் எண்டால் கமக்காரன், வயல் செய்யிறவன், எங்களைப் போல. மையர் எண்டால் இன்னும் கொஞ்சம் மேல, காணி பூமி பார்த்த ஆக்கள். ஜெர்மனி முழுக்கப் பௌவரும் மையரும் நிறைஞ்சு போய்க் கிடக்கு. உன்ர பெட்டைக்கு ஒரு பௌவர் கிடைக்கேல்லையே?"

பகிடி இல்லை. மனம் நொந்து கேட்டார்.

தர்சினி மேலே இருந்து இறங்கி வந்தாள். "மாமா, ஆர் யூ சீரியஸ்? என்ர ஃப்ரெண்ட் ஒருத்தி பௌவர். அவளின்ர டாட் டென்டிஸ்ட். தோட்டத்தில ஒரு தக்காளிகூட இல்லை."

"நீ பேசாமல் இரு பிள்ளை. அவை மறப்பினம். நாங்கள் மறக்க ஏலாது."

"ஆருக்கு மாமா தெரியப் போகுது?"

"ஆருக்கோ? ஸ்டுட்கார்ட்டில இருந்து எத்தினை எங்கட சனம் வருகுது? எல்லாருக்கும் ஜெர்மன் தெரியும். கார்ட்டைப் பார்த்த உடன விளங்கும். வெள்ளையைக் கட்டுறாள் எண்டால் காதல் எண்டு சொல்லிச் சமாளிக்கலாம். வெள்ளைக்குள்ளயும் தேடிப்போய் இதைக் கட்டினாள் எண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அப்ப நல்லாய்ச் சொல்லுங்கோ" என்றாள் அவள். "கலியாணம் எழுதினாப் பிறகு நான் தர்சினி பாடர்."

அண்ணை எழும்பிப் போனார். தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது.

இரண்டு கிழமை கதை இல்லை. பிறகு தானாகவே போன் எடுத்தார். "சரி. நடக்கிறது நடக்கட்டும். நானே தாரை வார்த்துக் குடுக்கிறன். கார்ட் என்ர பொறுப்பு."

நான் புருசன் இல்லாதவள். மணவறையில் நின்று மகளைக் கொடுப்பதற்கு எங்கள் வழக்கம் எனக்கு இடம் தராது. தாய்மாமன் பெண்சாதியோடு நின்று கொடுக்க வேண்டும். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு அண்ணை. அவர் நிற்காவிட்டால் பிள்ளை மணவறையில் கொடுக்க ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். அதனால் அண்ணை இறங்கி வந்தார் என்று அன்றைக்கு அழுதேன். இப்போது அந்தக் கண்ணீரை நினைக்கவும் கோபம் வருகிறது.

5

இந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

யுத்தத்தை நிறுத்தச் சொல்லிச் சித்திரையிலும் வைகாசியிலும் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் ரோட்டில் இருந்தோம். நான் ஷிப்ட் முடிந்து நேரே போவேன். அண்ணை கடையைப் பூட்டிவிட்டு வருவார். சோற்றுப் பார்சல் வரும். யார் வீட்டில் சமைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணையும் கேட்கவில்லை, வாங்கிச் சாப்பிட்டார். மழைக்கு ஒரே பொலித்தீனுக்குள் ஒதுங்கினவர்களிடம் நீ என்ன பகுதி என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் எங்கட சனம். தொண்டை அடைக்கக் கத்தினோம்.

புரட்டாதி பிறக்க அதே அண்ணை, ஒரு ஜெர்மன்காரனின் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன் யாருடைய தாடியை வழித்தான் என்று கொம்பியூட்டரில் தேடுகிறார்.

எத்தனை பேர் செத்துப் போனார்கள். இது சாகவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். காலையில் ஷிப்ட் தொடங்கினால் முதல் வேலை எனக்கு என்ன? நடக்க ஏலாத கிழவரைத் தூக்கிக் கதிரையில் இருத்துவேன். தண்ணீர் சூடு பார்த்து வார்ப்பேன். முதுகு தேய்ப்பேன். நாடிக்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்துச் சவரம் எடுப்பேன். நகம் வெட்டுவேன். புண் இருந்தால் துடைத்துக் கட்டுவேன். கார்ல் சொன்ன வேலையில் பல் பிடுங்குவதும் இரத்தம் எடுப்பதும் தவிர மிச்சம் எல்லாம் நான் செய்கிறேன். ஜெர்மனியிலும் செய்தேன், இங்கேயும் செய்கிறேன். அதில்தான் பிள்ளையைப் படிக்க வைத்தேன்.

அண்ணைக்கு இது தெரியாததா? "தங்கச்சி ஹெல்த் கெயரில இருக்கிறா" என்று கோயிலில் ஆட்களுக்குச் சொல்வார். இங்கிலிஷில் சொன்னால் அது உத்தியோகம். ஜெர்மனில் சொன்னால் அது சாதி.

6

கார்ட் வந்த கிழமை கார்லும் மனைவியும் மண்டபம் பார்க்க வந்தார்கள். மத்தியாஸும் வந்தான். அண்ணை அதுவரை என் போனை எடுக்கவில்லை. பெட்டியை நான் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். கார்ட் வந்துவிட்டதா என்று கார்ல் வாய்விட்டுக் கேட்டார். கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டார். பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்தார். எழுத்து வடிவாக இருக்கிறது என்றார். பிறகு முதல் வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

"இதில் நான் எங்கே இருக்கிறேன்?"

தர்சினி என்னைப் பார்த்தாள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எதையாவது தொட்டுக் காட்டியிருக்கலாம். சந்தோசமாக ஊருக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டியிருப்பார்.

"இல்லை" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். அதற்கு நான் சொல் தேடிக் கஷ்டப்படவில்லை. ஓடைக் கரையில் அவர் சொன்ன சொற்களே போதுமாக இருந்தன. அந்தச் சங்கம், அந்தத் தச்சன், அந்தக் கலியாணம்.

அன்றைக்குச் சிரித்த மனிதன் இன்றைக்குச் சிரிக்கவில்லை. கார்ட்டை மூடி மேசையில் வைத்தார்.

"இன்னுமா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். லண்டனில், என் வீட்டுக் கதிரையில் இருந்து ஒரு மனிதன் என்னை அப்படிக் கேட்க வேண்டி வந்தது.

மத்தியாஸ் தகப்பனின் தோளில் கை வைத்தான். "விடுங்கள் அப்பா, ஒரு பெயர்தானே."

"எனக்கு இருக்கிறதும் ஒன்றுதான்" என்றார் கார்ல்.

அவர்கள் போன பிறகு கடை நம்பருக்கு எடுத்தேன். கடையில் ஆட்கள் நிற்கும் நேரம். எடுக்காமல் இருக்க அண்ணைக்கு ஏலாது.

"அண்ணை, நான் கார்ட்டைத் திருப்பி அடிக்கப் போறன்."

"விசரே உனக்கு? என்ர பக்கத்துக்கு எல்லாம் குடுத்தாச்சு."

"குடுத்த ஆக்களுக்குத் திருப்பிக் குடுப்பன்."

"அந்தப் பெயரைப் போட்டால் நான் மணவறையில நிக்கமாட்டன். ஐயர் அதை மைக்கில சொல்லேக்க என்னால நிக்க ஏலாது. வடிவாய் யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டன்."

"அப்ப ஆர் குடுக்கிறது? நீயோ?"

"நான்தான்."

"உன்னால ஏலாது. நீ எப்பிடிப்பட்டவள் எண்டு உனக்கே தெரியும்."

"எப்பிடிப்பட்டவள்?"

"புருசன் இல்லாதவள் மணவறையில ஏறினால் சனம் என்ன சொல்லும்?"

"சொல்லுறதைச் சொல்லட்டும். அண்ணை, ஒண்டு கேக்கிறன். நான் என்ன ஆக்கள்?"

"இதென்ன கேள்வி?"

"இருபத்தஞ்சு வருசமாய் ஆக்களைக் குளிப்பாட்டிச் சவரம் எடுக்கிறன். நான் என்ன ஆக்கள்? கடையில நிக்கிற சனத்துக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

பின்னால் ஒருவர் பாலுக்கு விலை கேட்கிற சத்தம் வந்தது. அண்ணை போனை வைத்துவிட்டார்.

7

ஐயரிடம் போனேன். அவரும் ஷிப்ட்காரர் மாதிரித்தான், ஒரு கலியாணத்துக்கும் அடுத்த கலியாணத்துக்கும் நடுவில் பிடிக்க வேண்டும்.

"மாப்பிள்ளை பக்கம் மூண்டு தலைமுறைப் பெயர் சொல்லுங்கோ. கோத்திரம் இல்லையெண்டால் சிவகோத்திரம் போடுவம்."

"தகப்பன் கார்ல் பாடர். அவரின்ர தகப்பன் ஓட்டோ பாடர். அவரின்ர தகப்பன் கியோர்க் பாடர்."

"மூண்டிலயும் பாடர் வருமோ?"

"வரும். மூண்டிலயும் சொல்ல வேணும்."

"சொல்லுவம். அந்தக் கடைசி ஆள்தான் நாக்கில நிக்கிறார் இல்லை." நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, "தாரை வார்க்கிறது தமையனார்தானே?" என்றார்.

"இல்லை. நான்."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நான் தடுக்கமாட்டன். பெத்தவள் குடுக்கிறதை நான் ஆர் தடுக்க? ஆனால் முன்னால இருக்கிற சனம் எழும்பிப் போனால் அதுக்கு நான் பொறுப்பில்லை."

"போறவை சாப்பிட்டிட்டுப் போகட்டும், ஐயா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பெயரை எழுதினார்.

கார்ட்டை டூட்டிங்கில் ஒரு பெடியனிடம் கொடுத்து நானே பக்கத்தில் நின்று அடிப்பித்தேன். 'ஜெர்மனியைச் சேர்ந்த திரு. திருமதி கார்ல் பாடர் தம்பதிகளின் ஏக புத்திரன்.' தமிழிலும் இருக்கிறது, ஜெர்மனிலும் இருக்கிறது. கார்லுக்கு ஒன்று தபாலில் போனது. அவர் பெயருக்குக் கீழே பேனையால் கோடு போட்டு அனுப்பினேன், தேடாமல் இருக்க.

ஊரில் இதை வாசிக்கிறவர்களும், வாசித்துவிட்டு ஸ்டுட்கார்ட்டுக்குப் போன் எடுக்க நினைக்கிறவர்களும் வீணாகக் கஷ்டப்பட வேண்டாம். பாடர் என்றால் குளிக்க வார்த்தவர்கள். முடி வெட்டினவர்கள். சவரம் எடுத்தவர்கள். பல் பிடுங்கினவர்கள். என் மகள் அந்த வீட்டுக்குப் போகிறாள். வருகிற தை மாதம் ஐயர் அந்தப் பெயரை மைக்கில் மூன்று தரம் சொல்வார். அதன் பிறகு நான் மகளின் கையை எடுத்துக் கார்ல் பாடரின் மகன் கையில் வைத்துத் தண்ணீர் வார்ப்பேன்.

புதுக் கார்ட்டில் முதலாவதை அண்ணைக்குத்தான் அனுப்பினேன். வருவாரோ தெரியாது. அவர் பெயரும் மச்சாளின் பெயரும் அதில் இருக்கின்றன. நான் ஒருவருடைய பெயரையும் வெட்டவில்லை.